கனகாம்பரச் சரத்தில் இரண்டு இலைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸின் முன்கூடத்தில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. நடந்தது என்று வாய் சொல்கிறதே தவிர, உண்மையில் அன்று அது பாதியில் நின்றது. நின்றதற்குக் காரணம் ஒரு புடவையின் நிறம். அதற்குப் பிறகு நடந்தவற்றை நினைத்தால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா சுரங்கத்தில் மெஷின் ஆபரேட்டர். விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்து, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடியேறியவர். அம்மாவுக்கு வீடுதான் உலகம். கூடவே அத்தை, அப்பாவின் அக்கா. அலமாரிச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தாலும் அதிகாரம் அத்தையிடம்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கும் படித்துவிட்டு, வாயை அடக்கத் தெரியாத பெண் என்ற பெயரோடு வீட்டில் இருந்தேன்.

டவுன்ஷிப்பில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு குவார்ட்டர்ஸைச் சுற்றியும் கொஞ்சம் மண் உண்டு. அதனால் எல்லா வீட்டிலும் தோட்டம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நந்தியாவட்டை, டிசம்பர் பூ, நாலைந்து கனகாம்பரச் செடிகள். காற்று சுரங்கத்துப் பக்கமிருந்து அடித்தால் இலையெல்லாம் பழுப்புத் தூசி படிந்துவிடும். நான் தினமும் சாயங்காலம் குடத்துத் தண்ணீரைக் கையால் வாரி அடித்துக் கனகாம்பரத்தைக் கழுவுவேன். கழுவினதும் அந்த ஆரஞ்சு நிறம் பளிச்சென்று எழும் பாருங்கள், அதைப் பார்க்கவே கழுவுவேன். எனக்கு மல்லிகைகூட இரண்டாம்பட்சம்தான். கல்யாணத்தன்று தலை கொள்ளாமல் கனகாம்பரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஆனால் பெண்ணின் ஆசையை வைத்தா கல்யாண நிறங்களை முடிவு செய்கிறார்கள்? எங்கள் பிளாக்கில் பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர் வீடு கோயம்புத்தூர், மூலை வீடு தஞ்சாவூர். கல்யாணப் பேச்சை எடுத்ததும் ஆளுக்கொரு நிறத்தைத் தள்ளி வைத்தார்கள். ஒருவருக்குக் கறுப்புக் கரை ஆகாது. ஒருவருக்கு வெள்ளை கலந்தால் ஆகாது. இன்னொருவருக்கு நீலம் என்றாலே சனியாம். எல்லார் பேச்சையும் கேட்டிருந்தால் நான் தண்ணீர் நிறத்தில்தான் புடவை தேடியிருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்துக்கு ஆகாதது பச்சை. அது யாரோ சொல்லி வந்த சாஸ்திரம் இல்லை. அத்தை கட்டிக்கொண்டு போன கூறைப்புடவை பச்சை. அடுத்த வருஷம் திரும்புவதற்குள் பிறந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பச்சையில் ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்ததில்லை. அத்தை முன்னால் அந்த நிறத்தின் பெயரைச் சொல்லவே யோசிப்போம்.

மாப்பிள்ளைக்கு ஊர் வடக்குத்து. டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமம்தான். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அப்பா இல்லை. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு மகனை ஐ.டி.ஐ. படிக்க வைக்க, அவர் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார். அந்த நிதானம் எனக்குப் பிடித்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பக்க வழக்கப்படி நிறத்தைப் பெண் வீட்டார் சொல்வார்கள், கூறைப்புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். நிச்சயத்தன்றே அதைத் தட்டில் வைத்துச் சபை நடுவில் பிரித்துக் காட்டுவார்கள். அத்தை அரக்கு என்று சொல்லியிருந்தாள். அரக்கில் மாங்காய் போட்ட ஜரிகைக் கரை. மாப்பிள்ளையின் அம்மாவே பக்கத்து மந்தாரக்குப்பம் ஜவுளிக்கடையில் எடுத்து, குஞ்சம் கட்டித் தரும்படி அங்கேயே விட்டு வந்திருந்தார். அன்று ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மாப்பிள்ளை அதை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார். பொட்டலம் பிரிக்காமல் அப்படியே தட்டில் ஏறியது.

என்னைச் சபைக்கு அழைத்தார்கள். புடவையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் காகிதத்தைப் பிரித்தார்.

உள்ளே இருந்தது பாட்டில் பச்சை. அதே மாங்காய்க் கரை, அதே ஜரிகை. நிறம் மட்டும் பச்சை.

சமையலறை வாசலில் நின்ற அத்தையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் பேச்சு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மாத்திக் குடுத்துட்டானா அந்தக் கடைக்காரன்? சபையில மானத்த வாங்கிப்புட்டான். இருங்க, உண்டு இல்லன்னு பண்ணிட்டு வரேன்" என்று வாசலை நோக்கி நடந்தார். இரண்டு பேர் கூடவே எழுந்தார்கள். எல்லோருக்கும் அது நிம்மதியாகக்கூட இருந்தது. கடைக்காரர் தலையில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. மறுநாள் அரக்குப் புடவை வரும், ஒரு பரிகாரம் செய்தால் போயிற்று.

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்து நின்றார். "மாமா, போவாதீங்க. கடைக்காரர் மேல தப்பு இல்ல. ரெண்டு பொடவைய எடுத்து வெச்சி எது உங்களுதுன்னு கேட்டாரு. நான்தான் இதக் காட்டுனேன்."

"ஏன்டா, அம்மா அரக்குன்னு சொல்லல?"

"சொன்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரிஞ்சிது." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு செவப்பும் பச்சையும் எப்பவுமே ஒண்ணாதான் தெரியும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூடம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. நான் தலை குனிந்திருக்க வேண்டிய பெண். நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டேன். காது மடல் சிவந்து, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்க, பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி நின்றார்.

அவரைவிட அவருடைய அம்மாவைத்தான் பார்க்க முடியவில்லை. பச்சைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, மகனையே பார்த்தார். அவருக்கும் அது புதிய செய்தி என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. "பழுத்த மொளகா மட்டும் பறிச்சிகினு வாடான்னா பச்சையும் சேத்துப் பறிச்சிகினு வருவியே" என்றார் மெதுவாக. "வேணும்னு பண்றன்னு மெலாரு குச்சியாலயே அடிச்சனே கண்ணு. நீ ஏன்டா சொல்லல?"

"எனக்கே தெரியாதும்மா. வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட் வெச்சப்பதான் தெரிஞ்சிது."

அன்று தட்டு மாற்றவில்லை. "யோசிச்சி சொல்றோம்" என்று அப்பா சொன்னார். அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணப் பேச்சு நடந்த எந்த வீட்டுக்கும் தெரியும்.

அத்தை அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. "கூறை பச்சையா வந்துது. மாப்பிள்ளைக்கு கண்ணு கோளாறு. இன்னும் என்னா அறிகுறி வேணும் ஒனக்கு?" என்று அப்பாவைத் துளைத்தெடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பச்சை வேறு. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குடைச்சல். சம்பந்தம் கைவிட்டுப் போகிறதே என்ற துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சிவப்பும் பச்சையும் ஒன்று என்றால் அந்த மனிதருக்கு உலகம் எப்படித்தான் இருக்கும் என்ற யோசனை. ஆரத்தித் தட்டையும் வாழை இலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா பயந்து போய் எனக்குத் திருநீறு போட்டார்.

அப்பா அடுத்த வார ஓய்வு நாளில், காலை பத்து மணி சுமாருக்கு, மாப்பிள்ளையை சைக்கிளோடு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். "காபி குடிக்கத்தான் கூப்பிட்டேன்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை சமையலறைக்குள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினாள்.

அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "தம்பி, ஐ.டி.ஐ. படிச்சிருக்கீங்க. மெஷின் ஆபரேட்டருக்கே போயிருக்கலாமே. ஏன் ஃபிட்டரா போனீங்க?"

"ஆபரேட்டருக்குத்தாங்க மொதல்ல போனேன். புள்ளி புள்ளியா ஒரு படம் காட்டி உள்ள என்னா நம்பர்னு கேட்டாங்க. எனக்கு நம்பரே தெரியல. கூட வந்த ஒரு பையன் எல்லா நம்பரையும் சொல்லித் தரேன், மனப்பாடம் பண்ணிகினு மறுபடியும் போன்னு சொன்னான்."

"ஏன் பண்ணல?"

அவர் அப்பாவை ஒரு ஆச்சரியத்தோடு பார்த்தார். இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்பதுபோல. "படத்துல நம்பர் சொல்லிடலாங்க. உள்ள எறங்குனப்புறம் செவப்பு லைட்டப் பச்சைன்னு நெனச்சி மெஷின ஓட்டுனா, கீழ நிக்கிறவன் வூட்டுக்குப் போவானாங்க?"

அப்பா தன் வேட்டி நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார். வாழ்நாளெல்லாம் அந்த விளக்குகளை நம்பி வேலை செய்தவர் அவர். மெஷினுக்குக் கீழே நிற்கிறவர்கள் யார் யார் என்று அவருக்குப் பேர் பேராகத் தெரியும். பிறகு, "வாங்க, தோட்டத்தப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

நான் அங்கே முறத்தில் பூக்களை வைத்துக்கொண்டு தொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. அப்பாவும் போ என்று சொல்லவில்லை. அம்மாவும் அத்தையும் பின்வாசலில் வந்து நின்றுகொண்டார்கள்.

கனகாம்பரச் செடிகள் அன்று கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. முதல் நாள்தான் கழுவிவிட்டிருந்தேன். தீக்கங்கு கொட்டி வைத்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது அந்த மூலை. அப்பா பெருமையாக, "இது எல்லாம் எம் பொண்ணு வெச்ச செடி. எப்படிப் பூத்திருக்கு பாருங்க" என்றார்.

மாப்பிள்ளை பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு சங்கடத்தோடு, "பூத்திருக்குங்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கையிலிருந்த நார் நழுவிவிட்டது. கேலியாகக் கேட்கவில்லை அவர். அவருக்கு அங்கே ஒரு பூகூடத் தெரியவில்லை. வெறும் செடிதான் நின்றுகொண்டிருந்தது. நான் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் பூரித்த அந்த நிறம், அவர் நின்ற இடத்தில் இல்லவே இல்லை. வாசனையாவது இருந்தால் தெரிந்திருக்கும். கனகாம்பரத்துக்கு அதுவும் கிடையாது. என் உயிரான பூ அந்த மனிதருக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தபோது, எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று அத்தை பின்னாலிருந்து அம்மாவிடம் முணுமுணுத்தாள். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே நந்தியாவட்டைச் செடி. அதைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றவர், "அந்த எலைய யாருங்க தச்சி வெச்சிருக்கறது?" என்றார்.

"எந்த எலை?"

"அதோ. ரெண்டு எலை."

அப்பா பார்த்தார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரே பச்சையாக இலைகள். அதில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். வேறு ஒன்றும் இல்லை. "இன்னும் கொஞ்சம் கீழங்க. தொடாதீங்க" என்று விரலை நீட்டிக் காட்டினார். குனிந்தேன். அப்போதும் தெரியவில்லை. இன்னும் குனிந்து, மூக்கு இலையில் படுகிற அளவுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். இரண்டு இலைகளின் ஓரங்களைச் சேர்த்துப் பஞ்சு நூலால் தையல் போட்டிருந்தது. பை மாதிரி ஒரு கூடு, உள்ளே மெத்து மெத்தென்று பஞ்சு. நான் மூச்சு விட்டேனோ இல்லையோ, உள்ளேயிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு தையல்சிட்டு விருட்டென்று பறந்து வேலியில் உட்கார்ந்து எங்களைத் திட்டித் தீர்த்தது.

"அம்மாடி!" என்று அம்மா ஓடி வந்தார். "தெனமும் காலையில சாமிக்கு இங்கதானே பூ பறிக்கிறேன். என் கை படற எடத்துல இருந்திருக்கே!"

எங்கள் நாலு பேரில் யார் கண்ணுக்கும் தெரியாதது அவருக்கு எட்டி நின்றபோதே தெரிந்திருக்கிறது. அப்பா எப்படி என்று கேட்டார். அவருக்கே விளக்கத் தெரியவில்லை. "உங்களுக்கெல்லாம் மொதல்ல கலர் தெரிஞ்சிடுது போலங்க. எனக்கு வளைவுதான் மொதல்ல தெரியும். மத்த எலையெல்லாம் தொங்கிகினு இருக்கு. அது ரெண்டும் மட்டும் கையக் கூப்பிகினு இருந்துது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். உலகம் என்பது எல்லோருக்கும் முன்னால் ஒரே மாதிரி வரைந்து வைத்த படம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரே தோட்டம், ஒரே வெயில், இரண்டடி தூரம். என் தீக்கங்கு அவருக்கு இல்லை. அவர் பார்த்த கூப்பிய கைகள் எனக்கு இல்லை. கோயில் கோபுரத்தை முதன்முதலாக அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு ஒரு கிறுகிறுப்பு வந்தது. அன்று அதே கிறுகிறுப்பு, ஒரு சாதாரண ஃபிட்டரின் முகத்தைப் பார்த்து.

அதற்குமேல் என் வாய் சும்மா இருக்குமா? முறத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "இதுல எது நல்லா தெரியுது?" என்று கேட்டேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அப்பா தடுக்கவில்லை.

அவர் முறத்தில் விரலால் துழாவினார். கனகாம்பரத்தை எடுத்து, "இது காஞ்ச எலை மாதிரி" என்றார். மரிக்கொழுந்தை எடுத்து, "இதுவும் அதேதான். ஆனா வாசன வருது" என்றார். பிறகு டிசம்பர் பூவை எடுத்ததும் அவர் முகம் மாறியது. "இது நல்லா தெரியுதுங்க. நீலம்தானே?" என்றார். எங்களுக்கு அது ஊதா. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் சாமந்தியை வைத்தார். வைத்துவிட்டு முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ரெண்டும் சேந்தா எனக்குப் போதுங்க. இதவிட பளிச்சின்னு எதுவும் நான் பாத்தது இல்ல" என்றார். கழுவிய கனகாம்பரத்தைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் முகம் இருந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

"எனக்குக் கனகாம்பரம்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் கிளம்பி வாசலுக்குப் போனதும் அத்தை ஆரம்பித்தாள். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "நல்ல புள்ளதான். இல்லன்னு சொல்லல. ஆனா கல்யாணம்னா சும்மாவா? சரி, அப்படியே பண்றதுன்னாலும் அரக்குப் பொடவதான், ரோசாப்பூ மாலதான்."

"அரக்கு வேணாம் அத்தை. மஞ்சள் பொடவை, நீலக் கரை. மாலையில டிசம்பர் பூ."

"நீலமா? டிசம்பர் பூவுல எவடி கல்யாண மாலை கட்டுவா? பாக்கற சனம் சிரிக்காது?"

"சனமா என்னை ஆயுசுக்கும் பாத்துக்கிட்டு இருக்கப் போவுது? அவருதானே பாக்கப் போறாரு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப முடிவே பண்ணிட்டியாடி?" என்றாள் அத்தை. வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் ரொம்ப நேரம் வரவில்லை. கேட்டுவிட்டார் என்று புரிந்ததும் நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தை மாதத்தில் மந்தாரக்குப்பத்தில் கல்யாணம். பச்சைப் புடவையை அந்தக் கடைக்காரரே மாற்றிக் கொடுத்தார். மஞ்சளில் நீலக் கரையை மாப்பிள்ளையின் அம்மா மகனையே கூட்டிப் போய் எடுத்தார். மாலை கட்டுபவர் டிசம்பர் பூவா, மணமேடை ஏறுவதற்குள் வாடிவிடும் என்று கையை விரித்துவிட்டார். சாமந்தியும் சம்பங்கியும் மட்டும் தொடுத்துக் கொடுத்தார். மற்றதை எங்கள் பிளாக் பார்த்துக்கொண்டது. முதல் நாள் சாயங்காலம் ஒருத்தி கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "டிசம்பர் மொட்டு இருந்தா குடுங்க, எங்க பொண்ணு கல்யாணத்துக்கு" என்று கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அது அத்தை. திருநெல்வேலி அக்காவும் கோயம்புத்தூர் அக்காவும் விடியற்காலையில் மொட்டு விரிய விரிய மாலையில் வைத்துக் கட்டினார்கள். நீலம் ஆகாது என்று சொன்னவரும் அதில் உட்கார்ந்திருந்தார்.

தலைக்குப் பூ மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும். வெறும் மல்லிகைதான் வரும் என்று நினைத்திருந்தேன். கனகாம்பரத்தை நானே மனதுக்குள் விட்டுவிட்டிருந்தேன். அவர் கண்ணுக்கு இல்லாத பூவை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவானேன் என்று தோன்றியது. அலங்கார அறைக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வாழை இலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்துப் பிரித்தார்.

உள்ளே கனகாம்பரம். நெருக்கமாகத் தொடுத்து, பந்தாகச் சுருட்டி, தலை கொள்ளாத அளவுக்கு.

"எங்க வூட்டுக் கொல்லையில இருந்துதும்மா. நான் பறிக்கிறேன்னேன், வுட மாட்டன்னுட்டான். செடிக்கு முன்னால குந்திகினு, ஒவ்வொரு கொத்தையும் வெரலால தடவித் தடவிப் பாத்துப் பறிச்சான். மெல்லிசா பட்டு மாதிரி பட்டா பூவாம். தடிப்பா இருந்தா எலையாம். அவனே சொல்லிகினான்." சரத்தின் ஒரு நுனியைத் தூக்கிக் காட்டினார். "பாதி எலையும் காம்புமா பறிச்சிகினு வந்துட்டான் கண்ணு. நான் கட்டறப்ப எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். ரெண்டே ரெண்டு எலைய மட்டும் வுட்டு வெச்சேன். ஒனக்குத் தெரியணும்ல."

சரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அத்தனை ஆரஞ்சுக்கு நடுவில் இரண்டு பச்சை இலைகள், பூவோடு பூவாகக் கட்டுண்டு இருந்தன. தலை அலங்காரம் செய்ய வந்த அக்கா, "ஐயோ, இலை நிக்குது, எடுத்துடறேன்" என்று கையை நீட்டினார். வேண்டாம் என்று நான் சரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கதவோரமாக அத்தை நின்றிருந்தாள். அந்தப் பச்சையை அவளும் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "இருக்கட்டும், வெச்சி விடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மணமேடையில் நான் போய் நின்றபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சளையும் நீலத்தையும் பார்த்தார். முறத்தைப் பார்த்தபோது வந்த அதே முகம். பக்கத்தில் உட்கார்ந்ததும் மேளச் சத்தத்துக்கு நடுவில், "கனகாம்பரம் வெச்சிருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டார். "வெச்சிருக்கேன்" என்றேன். "நல்லா இருக்கா?" என்றார். தலையை ஆட்டினேன்.

அந்த குவார்ட்டர்ஸை விட்டு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் மார்க்கெட்டில் தக்காளியைத் தூக்கிப் பிடித்து, இது பழமா காயா என்று என்னைத்தான் கேட்பார். நான் தொலைத்த ஊசியையும் தோட்டையும் எட்டி நின்றே அவர்தான் கண்டுபிடித்துத் தருவார். நான் கண்ணால் பார்த்தேன் என்று யாரிடமும் அடித்துப் பேசும் துணிச்சல் அந்தத் தோட்டத்தோடு எனக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டு வாசலில் இப்போதும் ஒரு கனகாம்பரச் செடி இருக்கிறது. காலையில் அதன் முன்னால் நின்று, "பூத்திருக்கா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், கண்ணுக்கும் தெரியாமல் மூக்குக்கும் தெரியாமல் இருந்த ஒரு பூவை, எனக்குப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக விரலால் தடவித் தடவித் தேடி எடுத்த மனிதரோடு வாழக் கிடைத்ததை எண்ணி, நான் இன்னமும் மலைத்துத்தான் நிற்கிறேன்.